வெண்கருப் பிறபொருளெதிரிகள்

கோழிமுட்டை வெண்கருவின் புரதங்கள் ஒரு மாதிரியில் உள்ளனவா என்று அறிய ஆய்வுகூடங்களில் பயன்படுபவை. வெண்கருப் புரதத்தில் பாதிக்குச் சற்று மேல் ஓவால்புமின்; எஞ்சியவற்றுள் ஓவோமியூக்கொயிட்டும் லைசோசைமும் ஆய்வாளர் அதிகம் நாடுபவை. இலங்கையின் மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவின் சுவர்ச்சாந்தில் வெண்கரு உண்டு என்ற பழைய பேச்சும் இச்சோதனைகளின் எல்லைக்குள் வருவதே.

1897இல் வியன்னாவில் ருடோல்ப் கிரவுஸ், பக்டீரியா வடிதிரவங்கள் அவற்றுக்குரிய சீரத்துடன் சேர்ந்தால் வீழ்படிவு தோன்றுவதைக் கண்டார். 1900இல் ஜேர்மனியின் கிரைப்ஸ்வால்டில் பவுல் ஊலன்ஹூத் இதை வெண்கருவுக்குக் கொண்டுவந்தார். முயலுக்கு வெண்கருவை ஊசி மூலம் பலமுறை ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகள் கொண்ட சீரத்தைப் பிரித்தெடுத்தார். அதில் சிறிதளவை நீர்த்த வெண்கருக் கரைசலில் விட்டதும், தெளிந்திருந்த குழாய் கலங்கிற்று. அடுத்த ஆண்டே இதே வழியில் மனித இரத்தத்தை விலங்கு இரத்தத்திலிருந்து பிரித்தறிந்தார். ரூகன் தீவில் இரு சிறுவர்களைக் கொன்றதாகக் கைதான தச்சன் ஒருவன், தன் உடையிலிருந்த கறைகள் மனித இரத்தமல்ல என்று சாதித்தான். ஊலன்ஹூத்தின் சோதனையில் சில கறைகள் மனித இரத்தம், சில செம்மறியின் இரத்தம் என்று தெரிந்தது. குற்றவியல் நூல்கள் இவ்வழக்கை விடாமல் சொல்கின்றன.

கோழி, வாத்து போன்றவற்றின் வெண்கருவைச் சீரத்தால் முற்றாக வேறுபடுத்துவது எளிதன்று. உறவுப் பறவைகளின் புரதங்களும் ஓரளவு வினைபுரியும். 1935இல் நியூயோர்க்கில் ஹைடெல்பெர்கரும் கெண்டலும் பளிங்காக்கிய முட்டை அல்புமினைக் கொண்டு வீழ்படிவை அளவிட்டனர். அல்புமின் அளவுமீறினால் வீழ்படிவு கரைந்துபோவதும் அவர்களின் கோட்பாட்டில் அடங்கும்.

1971இல் நொதி இணைத்த பிறபொருளெதிரிகளைக் கொண்ட எலைசா முறையும், 1975இல் கோலர், மில்ஸ்டீன் ஆகியோரின் ஒற்றைக்குலப் பிறபொருளெதிரிகளும் வந்தன.

ஓவியங்களின் பிணைபொருளில் முட்டை உண்டா என்று பார்க்க வெண்கருப் பிறபொருளெதிரிகள் 1970களிலிருந்து பயன்படுகின்றன. மன்னன் காசியப்பன் (கி.பி. 477–495) காலத்ததாகக் கருதப்படும் சிகிரியாவின் கண்ணாடிச் சுவர், சுண்ணாம்பு, வெண்கரு, தேன் கலந்த சாந்தால் பூசி மெருகிடப்பட்டது என்பர். வழிகாட்டிகள் தயங்காது சொல்லும் இச்செய்தி மரபுவழிக் கூற்றாகவே கொள்ளத்தக்கது. மெருகு மட்டும் ஐயத்துக்கிடமற்றது: பார்வையாளர் அதன்மேல் கூரிய முனையால் கீறிய பாக்களுள் 685ஐத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். மேலே குகையிலுள்ள பெண்ணுருவங்கள் ஈரச்சாந்து ஓவியங்கள் என்போரும் உளர். எண்ணெயும் பிசினும் கலந்த பிணைபொருள் என்பது தொல்பொருள் வேதியியலாளர் ராஜா டி சில்வாவின் கருத்து.

பழைய சாந்தில் இச்சோதனை கடினமானது. காலப்போக்கில் புரதம் உருக்குலைவதால், புதிய முட்டையைக் கொண்டு ஆக்கிய பிறபொருளெதிரி அதை இனங்காணாது போகலாம். இல்லை என்ற விடையை வைத்து முட்டையே சேர்க்கப்படவில்லை என்று முடிவுகட்ட இயலாது. 1967இல் பச்சைச் சாயம் வீசப்பட்டுப் பின்னர் லுச்சியானோ மரன்சி சீர்செய்த சிகிரியா ஓவியங்களில், எடுக்கும் துகள் எக்காலத்தது என்பதையும் முதலில் தீர்மானிக்க வேண்டும்.