பாடக் குறிப்பின் கடைசிக் கட்டம்

ஒரு வாத்தியார் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறாரா என்று யார் பார்ப்பது? ஊரா, சர்க்காரா, அவரேயா? கொங்குச் சீமையில் இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷமாகக் காலத்துக்கு ஒரு பதில் இருந்து வந்திருக்கிறது. கிணத்துக்கடவு ஒன்றியத்துப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். நடத்திய பாடத்தை ஆசிரியர் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கம் எப்படி வந்தது, எங்கே செழித்தது, எதனால் தேய்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

முதலில் ஊர்தான் பார்த்தது. 1822 ஜூனில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவாரியாக நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அந்த வருஷம் நவம்பரில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் பதில் அனுப்பினார். ஊட்டியை உருவாக்கியவர் என்று நாம் அறிந்த அதே சல்லிவன்தான். அவர் பட்டியலில் கோயம்புத்தூர் ஜில்லாவில் 763 பள்ளிகள் இருந்தன. அன்றைய ஜில்லா கரூர், தாராபுரம், கொள்ளேகாலம் வரை விரிந்து கிடந்தது. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள்.

திண்ணையில் மணல் பரப்பி விரலால் எழுத்து, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியில் 1789 முதல் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நாட்டுப் பள்ளிக்கூடத்து வழக்கத்தைப் பார்த்துவிட்டு, 1797இல் இங்கிலாந்தில் புத்தகமாகவே போட்டார். அது அங்கே ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஒரு வாத்தியாரை வைத்து நூறு பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அவர்களை இழுத்த விஷயம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. திண்ணை வாத்தியாருக்குக் கூலி தவசமாகவும் காணிக்கையாகவும் ஊரிலிருந்தே வந்தது. மகாநவமிக்குப் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் போய் வாங்கி வந்தார்கள். பையன் அப்பன் முன்னால் எண்சுவடியைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தால் வாத்தியார் கெட்டிக்காரர். மனப்பாடத்தைத்தான் ஊரால் அளக்க முடிந்தது. அதனால் மனப்பாடத்தைத்தான் வாத்தியாரும் வளர்த்தார். பெண் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் அரிது என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது.

அடுத்து சர்க்கார் பார்த்தது. இங்கிலாந்தில் 1862இல் ஒரு சட்டதிட்டம் வந்தது: பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கில் தேறினால் பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு பணம். அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறை நுழைந்தது. இன்ஸ்பெக்டர் குதிரையிலோ வண்டியிலோ வந்து இறங்கிப் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார். அவர் கேட்கப்போவதை மட்டும் நடத்துவது, சுமாரான பிள்ளையை அன்றைக்கு வரவேண்டாம் என்பது எல்லாம் அந்த முறை பெற்ற பிள்ளைகள். மானிய முறை ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பயம் மட்டும் எங்கள் தொழிலை விட்டுப் போகவில்லை.

வாத்தியார் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வழி பயிற்சிப் பள்ளிகள் வழியாக வந்தது. அதன் கருவி பாடக் குறிப்பு நோட்டு. ஜெர்மனியின் ஹெர்பார்ட் வழிவந்தவர்கள் வகுத்த படிகள், ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்று தமிழாகி எங்கள் பயிற்சி ஏட்டில் ஏறின. தேதி, வகுப்பு, நோக்கம், துணைக்கருவி என்று கட்டங்கள் போட்டு, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு ஒடுங்கிய கட்டம் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். பாடம் முடிந்த பிறகு எழுத வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நடக்கப்போவது, அது நடந்தது.

நான் படித்த பயிற்சிப் பள்ளியில் ‘கிரிட்டிசிசம் கிளாஸ்’ என்று ஒன்று உண்டு. ஒருத்தி மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். மற்ற எல்லாரும் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். பிள்ளைகள் போன பிறகு, பாடம் எடுத்தவள்தான் முதலில் பேச வேண்டும். எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை, பிள்ளைகள் எந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார்கள் என்று அவளே சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் வாயைத் திறக்கலாம். விரிவுரையாளர் கடைசியாகப் பேசுவார். இந்த வரிசையை மாற்ற அவர் விட்டதே இல்லை. அடுத்தவர் குற்றம் சொல்லும் முன் தானே பார்த்துக்கொள்ளும் மரியாதையை அந்த வரிசை எங்களுக்குக் கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் இருந்த பெரிய வாத்தியார் ஜில்லா போர்டு காலத்து ஆள். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு. அவருடைய பாடக் குறிப்பு நோட்டுகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். கேட்டால் எடுத்துக் கொடுப்பார். மூன்றாம் வகுப்புக் கணக்குப் பக்கம் ஒன்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். பாடம், கடன் வாங்கிக் கழித்தல். கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் பொடி எழுத்து: ‘52இல் 27 போக 35 என்கிறார்கள். 7இல் இருந்து 2ஐக் கழித்திருக்கிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று ஒன்றாம் வகுப்பில் நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்.’

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கலாம். மீண்டும் பயிற்சி தேவை என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு நோட்டுகளில் அப்படித்தான் இருக்கும். அவர், பிள்ளை செய்த தப்புக்குள் ஒரு நியாயம் இருக்கும் என்று தேடி, அந்த நியாயம் பள்ளிக்கூடமே கொடுத்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். மறுநாள் பக்கத்தில் அடுத்த சங்கதி. இரண்டு பையன்களை அனுப்பிச் சோளத்தட்டு கொண்டுவரச் சொல்லி, விரல் நீளம் நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்டியிருக்கிறார். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதில் இருபத்தேழு எடு. உதிரி போதவில்லை என்றதும் ஒரு பிள்ளை, ‘ஒரு கட்டை அவுக்கோணுங்க சார்’ என்றதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கீழே: ‘50இல் 27 என்றதும் மறுபடி 37. உதிரியே இல்லாத இடத்தில் குழப்பம். நாளை பூஜ்யம்.’

மூன்றாம் நாள் அவர் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய், ‘பெருசுலிருந்து சிறுசுன்னு சொல்ல வேண்டாங்க டீச்சர், இருக்கறதுலிருந்து எடுக்கறதுன்னு சொல்லிக்குடுங்க’ என்று கேட்டுக்கொண்டதாக அவரே சொன்னார். ஒரு நோட்டின் மூலைக் கட்டம் இரண்டு வகுப்புகளைத் திருத்தியது. திறம்படக் கற்பித்தல் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்பது என் தீர்மானம்.

அமெரிக்காவின் ஜான் டூயி, சிந்தனை நடக்கும் விதத்தைப் பற்றி 1910இல் எழுதியபோது, மனசில் தட்டும் ஒரு சிக்கலில்தான் ஆழ்ந்த யோசனை தொடங்குகிறது என்றார். 1983இல் டொனால்ட் ஷோன், வேலை நடக்கும்போதே யோசிப்பது, வேலை முடிந்த பின் யோசிப்பது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். 52 கணக்கு தப்பியதும் எந்த எண்ணிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று பெரிய வாத்தியார் அங்கேயே கண்டது முதல் வகை. மாலையில் சிவப்பு மையைத் தொட்டு, ஒன்றாம் வகுப்பு வரை பின்னோக்கிப் போனது இரண்டாம் வகை.

இந்தப் பழக்கத்துக்குக் கோவைப் பக்கம் ஒரு நாற்றங்கால் இருந்தது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயம் அது. பெரியநாயக்கன்பாளையத்தில் 1934இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். வார்தாவில் 1937இல் காந்தியடிகள் முன்வைத்த, நூற்பு போன்ற கைத்தொழில் வழியே பாடம் சொல்லும் ஆதாரக் கல்வியை மனசார எடுத்துச் செய்த இடங்களில் ஒன்று. 1946 முதல் 1949 வரை அவினாசிலிங்கம் மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். வித்யாலயத்தில் 1950இல் ஆசிரியர் கல்லூரி வந்தது.

ஆதாரக் கல்வியில் பிள்ளையும் வாத்தியாரும் அன்றன்றைய வேலையைக் குறித்துவைக்க வேண்டும். நூற்ற நூலைச் சிட்டம் போட்டு எடை பார்த்தால் அன்றைய வேலை தெரிந்துவிடும். யாரும் மறைக்க முடியாது. வாசிப்புப் பாடத்துக்கு அப்படி ஒரு தராசு கிடையாது. அங்கே குறிப்பேடுதான் தராசு. ராட்டை ஒதுக்கப்பட்டபோது அந்தத் தினக் குறிப்பும் சேர்ந்து ஒதுங்கியது. ஆதாரக் கல்வியின் குறைகளைப் பேசுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வித்யாலயத்தில் ஆசிரியப் பணி செய்தவர்களில் பெ. தூரன் ஒருவர். கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். பிற்பாடு பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். பாட்டுக்காகவும் கலைக்களஞ்சியத்துக்காகவும் அவரைக் கொண்டாடுகிறோம். ‘குழந்தை உள்ளம்’ எழுதிய தூரனை ஆசிரியர்களே மறந்துவிட்டோம். பையன் மண்டு என்று முடித்துவிடாமல், அவன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தமிழில் வாத்தியார்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முன்வரிசைக்காரர்.

தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்ததற்கு அரசியலிலும் எங்கள் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம். ராஜாஜி மந்திரிசபையில் இருந்து, 1953இன் அரை நேரப் பள்ளித் திட்டத்துக்கு அரணாக நின்றவர். காமராஜர் முதலமைச்சரானதும், 1954 மே மாதம் அதே சுப்பிரமணியமே அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். அதற்குப் பின் ஊருக்கு ஊர் பள்ளி வந்தது, மதிய உணவு வந்தது, ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. தனியாளாக ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்த அந்த வாத்தியாருக்கு, தன் பாடத்தைப் பற்றிப் பேச இன்னொரு வாத்தியார் பக்கத்தில் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் ‘சென்டர்’ கூட்டம்தான் கதி. சொக்கனூரிலிருந்தும் வடசித்தூரிலிருந்தும் சைக்கிளில் வந்து சேர்ந்து, ஒருவர் மாதிரிப் பாடம் எடுக்க, மற்றவர்கள் வாதாடுவார்கள் என்று பெரிய வாத்தியார் சொல்வார்.

எங்கள் காலத்தில் அது குறுவள மையக் கூட்டம் ஆனது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் வந்தன. எங்களுக்கு உடுமலைப் பக்கம் திருமூர்த்தி நகர். ஆசிரியர் தன் வகுப்புச் சிக்கலைத் தானே ஆராய்ந்து தீர்க்கும் செயலாராய்ச்சி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். பெரிய வாத்தியாரின் சிவப்பு மைக்கு முறையாக ஒரு பெயர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவந்த சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் முதலில் செய்து பார்த்தது. அட்டை, ஏணிப்படி, சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை. பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்த பிறகுதான் பல ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் கையும் எப்படி எழுதுகிறது என்று கிட்டத்தில் பார்த்தார்கள். அந்த முறைக்குக் குறைகள் உண்டு. இந்த ஒரு நன்மைக்காக அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

தேய்மானம் வேறு வழியில் வந்தது. பாடக் குறிப்பு, பார்வையிட வருகிறவர் கையெழுத்துப் போடும் ஆவணமாக மாறியது. கடைசிக் கட்டத்தில் ‘பாதிப் பேருக்குப் புரியவில்லை’ என்று எழுதினால் ஏன் என்று விளக்கம் கேட்பார்கள். ‘நோக்கம் நிறைவேறியது’ என்று எழுதினால் ஒரு டிக். பிறகு யார் உண்மையை எழுதுவார்கள்? கடையில் அச்சடித்த பாடக் குறிப்பு கிடைத்தது. இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்ற அதன் அடிப்படை சரியானது. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றி முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது என்று இளைய ஆசிரியைகள் என்னிடம் சொல்கிறார்கள். செயலிக்கு எத்தனை பேர் அரும்பு என்பது போகிறது. 52இல் 27 ஏன் 35 ஆனது என்பதை எழுத அதில் இடம் எங்கே?

வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பாடக் குறிப்பில் மற்ற எல்லாக் கட்டங்களையும் பாருங்கள், கேளுங்கள், கையெழுத்துப் போடுங்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் ஆசிரியருக்கே விட்டுவிடுங்கள். அதில் எழுதியதை வைத்து யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள். குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசித்து முடித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, பிடிபடாமல் போன ஒரு பாடத்தைப் பற்றி ஒருவரைப் பேச விடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வேறு யாரும் பேச வேண்டாம்.