கத்தியும் கிளாஸ்கோ நகரமும்

போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில் ‘வாள்வெட்டு’ என்ற சொல் பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி இடம்பெறத் தொடங்கியது. அத்தலைப்புகளை எழுதியவர்களுள் நானும் ஒருவன். ‘இளைஞர் படுகாயம், வைத்தியசாலையில் அனுமதி’ என்று எழுதியதோடு என் பணி முடிந்தது என்றே எண்ணியிருந்தேன். அது தவறென எனக்கு உணர்த்தியது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வரலாறு.

1920களிலும் 1930களிலும் சவரக்கத்தி ஏந்திய கும்பல்கள் அந்நகரத் தெருக்களில் மோதின. 1931இல் பொலிஸ் தலைமையை ஏற்ற பேர்சி சிலிட்டோ அவற்றைக் கடுமையாக அடக்கினார். 1968இல் பாடகர் பிராங்கி வோன், ஈஸ்டர்ஹவுஸ் குடியிருப்புக்குச் சென்று இளைஞர்களை இணங்கவைத்து ஆயுதங்களைக் கையளிக்கச் செய்தார். அடக்குமுறையும் அன்பும் ஓரளவு பயன் தந்தன. ஆனால் இரண்டும் நிலைக்கவில்லை. 2004-05இல் ஸ்கொட்லாந்தில் 130க்கு மேற்பட்ட கொலைகள் பதிவாகின. அவற்றில் பெரும்பங்கு கூரிய ஆயுதங்களுக்கே உரியது.

2005இல் ஸ்ட்ரத்கிளைட் பொலிஸார் வன்முறைக் குறைப்புப் பிரிவை அமைத்தனர். அதன் முன்னோடிகள் புலனாய்வு அதிகாரி ஜோன் கார்னகனும், தாதியாகப் பயின்று பின்னர் பொலிஸ் பகுப்பாய்வாளராகிய கரின் மக்கிளஸ்கியும் ஆவர். வன்முறையைத் தொற்றுநோய் போல அணுக வேண்டும் என்பதே அவர்களது கருத்து. யார் குத்தினான் என்பதோடு நின்றுவிடாமல், அவன் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தான், எப்போது பாடசாலையை விட்டு நீங்கினான் என்றும் அவர்கள் கேட்டனர்.

2008 ஒக்ரோபரில் கும்பல் இளைஞர்கள் கிளாஸ்கோ நீதிமன்றமொன்றுக்கு அழைக்கப்பட்டனர். விசாரணைக்கு அன்று, கேட்பதற்கு. வன்முறை தொடர்ந்தால் முழுக் கும்பலையும் பின்தொடர்வோம் எனப் பொலிஸார் எச்சரித்தனர். மகனைப் பறிகொடுத்த தாயின் துயரையும் அவர்கள் கேட்டனர். விலக விரும்புவோருக்குப் பயிற்சியும் வேலை தேட உதவியும் முன்வைக்கப்பட்டன. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1990களில் பரீட்சிக்கப்பட்ட முறையே இதற்கு முன்மாதிரி.

அதே ஆண்டில், வெட்டுண்ட முகங்களைத் தைத்துக் களைத்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஓர் அமைப்பை உருவாக்கிப் பாடசாலைகளுக்குச் சென்றனர். காலில் குத்தினால் உயிர் போகாது என்று நம்பும் சிறுவர்கள் உண்டு. தொடையின் பெருநாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். முகத்து வடுவோ வாழ்நாள் முழுவதும் உடன்வரும். குத்தியவனுக்கு மிஞ்சுவது சிறை.

அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டுக் கொலைகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. இப்பிரிவே முழுக் காரணம் என்று கூறிவிட முடியாது. 2006இல் கத்தி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகளிலிருந்து நான்காக உயர்த்தப்பட்டதையும் மறக்கலாகாது. எனினும் 2018இல் லண்டன் மாநகரும் இவ்வழியையே நாடியது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகளிற் சிலரும் கும்பல் மோதல்களில் உயிரிழந்திருக்கிறார்கள். தற்காப்புக்காகவே கத்தி வைத்திருப்பதாகப் பிள்ளை சொன்னால், பெற்றோரே, முதலில் அவனது அச்சத்தைக் கேளுங்கள். வைத்தியசாலையோடு செய்தியை முடித்துக்கொண்ட என்னைப் போன்றோர், அதன் பின்னுள்ள ஆண்டுகளையும் இனி எழுதவேண்டும்.