ஆவாரையா, பேயாவரையா? மஞ்சள் பூக்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் ஹனூர். முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்தது. இப்போது கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. இந்த வறண்ட காட்டோரங்களில் ஆவாரை, பேயாவரை, தகரை மூன்றையும் பார்க்கலாம். மூன்றும் 'சென்னா' பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் ஐந்து இதழ் மஞ்சள் பூதான். அதனால் பூவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இலையையும் காயையும் பாருங்க.

ஆவாரை: பல ஆண்டு வாழும் புதர்ச்செடி. ஒரு காம்பில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள். காம்பின் அடியில் காது மடல் போன்ற இலைச்செதில் இருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிதாக இருக்கும். கன்னடத்தில் ஆவரிகெ.

பேயாவரை: நான்கைந்து ஜோடி சிற்றிலைகள், நுனி கூர்மை. கசக்கினால் நாற்றம் அடிக்கும். காய் லேசாக வளைந்திருக்கும்.

தகரை: மூன்றே ஜோடி சிற்றிலைகள், நுனி உருண்டை. காய் நீளமாக, அரிவாள் போல வளைந்திருக்கும். இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பதுண்டு.

ஏன் கவனம் தேவை?

பேயாவரை விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை பாதிப்புக்கும், இந்த விதையைத் தின்றதற்கும் தொடர்பு இருப்பதை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆவாரம்பூ டீக்குப் பூ பறிப்பவர்கள் காது மடலைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பறிக்க வேண்டாம். குழந்தை விதையைத் தின்றுவிட்டால் காத்திருக்காதீங்க. காயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.