கோவா கல்யாணமும் லிஸ்பனுக்குப் போன நகையும்

அத்தை பேரனுக்கு கோவாவில் கல்யாணம், அதுவும் கடற்கரையில் என்று பத்திரிகை வந்ததும் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. விமானம் என்றார்கள் பிள்ளைகள். ரயில் என்றாள் மனைவி. கார் என்றேன் நான். (ஓட்டப் போவது நான்தான் என்பதால் என் கட்சி ஜெயித்தது!) அம்மாவின் கவலை வேறு. "ஏன்டா, கடற்கரையில காத்து பிச்சுண்டு போகுமே, ஹோமம் எப்படிடா நிக்கும்?"

மும்பையிலிருந்து கோவா ஏறக்குறைய 580 கிலோமீட்டர். பழைய பெயர் என்.எச்.17, இப்போது என்.எச்.66. பன்வேல், மஹாட், சிப்ளூண், கணகவலி, சாவந்த்வாடி என்று கொங்கணத்தின் நீளத்துக்கும் போகிறது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனதால் சாப்பாட்டுப் பிரச்னை இல்லை. மஹாடில் சாவித்ரி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது எல்லோருமே கொஞ்சம் அமைதியானோம். 2016 ஆகஸ்ட் 2 இரவு, வெள்ளத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் இடிந்து இரண்டு பஸ்கள் அடித்துக்கொண்டு போயின. இப்போது இருப்பது 2017-ல் திறந்த புதுப் பாலம்.

சிப்ளூண் தாண்டியதும் பேச்சு நகைக்கு வந்தது. கல்யாணச் செலவுக்காக அத்தை வீட்டில் இரட்டை வடச் சங்கிலியை வங்கியில் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குச் செய்தி வந்திருந்தது. "அடகுல நகைய வச்சுட்டு என்னடா கடற்கரைக் கல்யாணம்?" என்று ஆரம்பித்தவர் ராஜாபூர் வரை நிறுத்தவில்லை. நான் இருபது வருஷமாக நகைக்கடன் பார்ப்பவன். எடை, தரம், கல் கழிவு, பொட்டலம், சீல், கையெழுத்து... ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. அடகு வைப்பவரை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? அதனால் அவருக்கு ஒரு கதை சொன்னேன். நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரின் கதைதான். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சாவந்த்வாடி, பாந்தா தாண்டியதும் பத்ராதேவி. மஹாராஷ்டிர எல்லை முடிந்து கோவா தொடங்கும் இடம். இன்றைக்கு இங்கே யாரும் நம்மிடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் 1961 டிசம்பர் வரை இது இரண்டு நாடுகளின் எல்லை. 1510-ல் அல்புகர்க் பிடித்ததிலிருந்து 451 வருஷம் கோவா போர்ச்சுகல் வசம் இருந்தது. வெள்ளைக்காரன் 1947-ல் போனான், பிரெஞ்சுக்காரன் 1954-ல் புதுச்சேரியை விட்டுக் கொடுத்தான். லிஸ்பனில் இருந்த சலாசார் மட்டும் "கோவா காலனி அல்ல, போர்ச்சுகலின் மாகாணம்" என்று அடம்பிடித்தார்.

1955 ஆகஸ்ட் 15 அன்று ஆயிரக்கணக்கான சத்யாக்கிரகிகள் ஆயுதமில்லாமல் பல வழிகளில் கோவாவுக்குள் நுழைந்தார்கள். போர்த்துகீசியர்கள் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்ராதேவியில் விழுந்தவர்களில் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த கர்னைல் சிங். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய மனைவியை 2022-ல் கோவா முதல்வர் நேரில் போய் கௌரவித்தார். நடுவில் அறுபத்தேழு வருஷங்கள்! பத்ராதேவியில் இருக்கும் தியாகிகள் நினைவிடம் அந்த நாளுக்கானது. கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இந்தியா எல்லையை இறுக்கியது. மர்மகோவாவிலிருந்து காஸில் ராக் வழியாக வந்த ரயில் நின்றது. தூதரக உறவு முறிந்தது. வர்த்தகம், பணம் அனுப்புவது எல்லாவற்றுக்கும் தடை. கோவாக்காரர்கள் உருளைக்கிழங்கை நெதர்லாந்திலிருந்தும், சிமெண்டை ஜப்பானிலிருந்தும், தேயிலையை இலங்கையிலிருந்தும் வரவழைத்தார்கள். பக்கத்து பெல்காமிலிருந்து வரவேண்டிய காய்கறிக்குக் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

இதில் அதிகம் அடிபட்டது பம்பாயில் வேலை பார்த்த கோவாக்காரர்கள். கப்பல் மாலுமி, சமையல்காரர், பாண்டு வாசிப்பவர், குமாஸ்தா என்று பல பேர். தோபி தலாவ் பக்கம் ஊருக்கு ஒன்றாக "கூட்" என்று விடுதி வைத்திருந்தார்கள். ஒரே கிராமத்து ஆண்கள் சேர்ந்து தங்கும் இடம். நம் ஊர்க்காரர்கள் மாட்டுங்காவில் மெஸ் நடத்திக் கூடி இருந்தது போலத்தான். இவர்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. தங்கை கல்யாணம், அப்பா காரியம் என்று ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த வழி திடீரென்று பெர்மிட், விசாரணை, சந்தேகம் என்று ஆகிவிட்டது. பத்து மணி நேரத் தூரத்தில் இருக்கும் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் எப்படி இருக்கும்? வெளியூரில் பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நகைக்கு வருவோம்.

போர்த்துகீசியக் காலனிகளுக்கென்று 1864-ல் லிஸ்பனில் தொடங்கிய வங்கி, பாங்கோ நாசியோனால் உல்ட்ரமரீனோ. பஞ்சிமில் 1868-ல் கிளை திறந்தார்கள். கோவாவின் நோட்டுகளை அச்சிட்டு வெளியிட்டதும் இதே வங்கி. 1959-ல் ருப்பியாவை எடுத்துவிட்டு எஸ்கூதோ கொண்டுவந்தார்கள், ஒரு ருப்பியாவுக்கு ஆறு எஸ்கூதோ. சாதாரண ஜனங்களுக்கு அந்த வங்கியில் முக்கியமான வேலை நம் ஊரில் இருப்பதுதான்: நகையை வைத்துக் கடன் வாங்குவது. வளையல், சங்கிலி, காதில் கிடந்தது எல்லாம் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, பெட்டகத்துக்குள் போயின.

1961 டிசம்பரில் இந்தியப் படை எல்லையில் குவிந்தது. அது உள்ளே நுழைவதற்கு முன்பே இந்த அடகு நகைகள் லிஸ்பனுக்குப் போய்விட்டன. டிசம்பர் 18 அன்று படை நுழைந்தது, 19 மாலை கவர்னர் ஜெனரல் வஸ்ஸலோ இ சில்வா சரணடைந்தார். கடைசி ஆள் வரை சண்டை போடச் சொல்லி சலாசார் உத்தரவு போட்டிருந்தார். சில்வா கேட்கவில்லை. ஊர் பிழைத்தது, அவருடைய ராணுவ வேலை போயிற்று. 1974 புரட்சிக்குப் பிறகுதான் பதவி மரியாதை திரும்பக் கிடைத்தது.

கோவாவுக்கு விடுதலை வந்தது. நகை வரவில்லை. போர்ச்சுகல் கோவாவை இந்தியாவின் பகுதி என்று ஒப்புக்கொண்டதே 1974 டிசம்பர் 31 அன்றுதான். அதன் பிறகும் பேச்சு இழுத்து இழுத்து, 1991-ல்தான் நகைகள் திரும்பி வந்தன. உரியவர்களிடம் கொடுக்கும் பொறுப்பு ஸ்டேட் பேங்குக்கு வந்தது.

முப்பது வருஷம்! 1961-ல் இருபது வயதில் வளையலை வைத்த பெண்ணுக்கு 1991-ல் ஐம்பது வயது. தன் கல்யாணத்துக்குப் போட்டிருக்க வேண்டியதைப் பேத்தியின் காதுகுத்துக்கு வேண்டுமானால் போடலாம். வைத்தவர் போய்ச் சேர்ந்த வீடுகளில் வாரிசுகள் வரிசையில் நின்றிருப்பார்கள்.

காமர்ஸ் படித்தவன் இங்கே ஒரு கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 1961-ல் 10 கிராம் தங்கம் சுமார் 120 ரூபாய். 1991-ல் சுமார் 3,400. ஏறக்குறைய 28 மடங்கு. பணமாகப் போயிருந்தால் கரைந்திருக்கும், நகையாகப் போனதால் மதிப்போடு வந்தது. இது நல்ல பக்கம். ஆனால் நடுவில் இருந்த முப்பது வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றாலும் எளிதில்லை. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று விதி. காரட் விதி சில வருஷத்தில் தளர்ந்தது, ஆனாலும் 1968-ல் தனிச் சட்டமே வந்து 1990 வரை இருந்தது. அந்தக் காலத்தில் கோவாவில் மகளுக்குக் கல்யாணம் செய்த அம்மாக்கள், லிஸ்பனில் கிடக்கும் நகையை நினைத்துக்கொண்டுதான் மணவறைக்கு வந்திருப்பார்கள்.

இதை அம்மா ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நாடு விட்டு நாடு அடுத்தவா நகையை எடுத்துண்டு போனது திருட்டில்லையோ?" என்றார். வங்கி தரப்பில், பத்திரமாக வைக்கத்தான் கொண்டுபோனோம் என்று சொல்லலாம். ஆனால் நான் அம்மா கட்சிதான். அடகு வைத்த நகை வங்கியின் சொத்து அல்ல. கடன் அடையும் வரை நம் பாதுகாப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். உரியவர் வந்து கேட்கும் தூரத்தில் அது இருக்க வேண்டும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், உறவு முறிந்த நாட்டில் வைத்துவிட்டுப் பத்திரம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது நெறிமுறை வெளியிட்டது. கடனை முழுதும் கட்டினால் அன்றைக்கே, அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள், நகையைத் திருப்பித் தரவேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு. இதைப் படித்தபோது எனக்கு பஞ்சிம்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு ஈடு போட்டால் ஒரு பொட்டலத்துக்கே ஐந்து கோடிக்கு மேல் ஆகும்!

ஆகவே நண்பர்களே, கல்யாணத்துக்காக நகையை வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைக்கும் இடம் சரிதானா என்று பாருங்கள். எடையும் தரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த வங்கியில், எந்தக் கிளையில் வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். நாம் இல்லாத நாளில் போய்க் கேட்க ஒருவர் வேண்டும்.