'சிங்கிள் வின்யார்ட்' மால்பெக் ஒயின்: ஒரே தோட்டத்துச் சரக்குக்கு ஏன் கூடுதல் விலை? சுவையில் எதைக் கவனிக்கணும்?

ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. தான். வேலைக்காக தினமும் எல்லை தாண்டும் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பகுதியினர் சிலர், அங்குள்ள பெரிய கடைகளில் 'சிங்கிள் வின்யார்ட் மால்பெக்' என்ற லேபிளைப் பார்த்திருக்கலாம். சாதாரண மால்பெக்கைவிட இதன் விலை பெரும்பாலும் அதிகம். அந்தக் கூடுதல் பணம் எதுக்கு?

மால்பெக் என்பது என்ன?

தோல் கருத்த ஒரு திராட்சை ரகம். பூர்வீகம் தென்மேற்கு பிரான்ஸ். அங்குள்ள காவோர் பகுதியில் இன்றும் பயிராகிறது. 1853-ல் மிஷேல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் இதை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார். 1956-ல் அடித்த கடும் பனியில் காவோர் தோட்டங்கள் அழிய, மெண்டோசாவில் ரகம் தழைத்தது. இன்று உலகில் அதிக மால்பெக் விளைவது அர்ஜென்டினாவில்தான்.

நம்மூரில் பழக்கமான பெங்களூர் ப்ளூ வேறு இனம். அதன் தூக்கலான வாசனையை மால்பெக்கில் தேடினால் ஏமாற்றம்தான்.

'சிங்கிள் வின்யார்ட்' அப்படின்னா?

பெயர் சொல்லக்கூடிய ஒரே தோட்டத்தின் பழத்தில் செய்தது என்று அர்த்தம். சாதாரண ஒயினில் பல தோட்டங்களின் பழம் கலக்கும். ஒரு தோட்டத்தின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். சுவை வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்கும். ஒரே தோட்டத்து ஒயினில் அந்த வசதி கிடையாது. அந்த மண்ணும் அந்த வருஷத்து மழையும் வெயிலும் அப்படியே தெரியும். அளவும் குறைவு. விலைக்கு இதுதான் முக்கியக் காரணம்.

உதாரணம், மெண்டோசாவில் கடேனா குடும்பத்தின் அட்ரியானா தோட்டம். 1992-ல் நடப்பட்டது, உயரம் சுமார் 1,450 மீட்டர். பகல் வெயில் தோலுக்கு நிறம் தருகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது.

ஓசூர் பகுதியும் சுமார் 900 மீட்டர் உயரம்தானே?

உயரம் மட்டும் போதாது. மெண்டோசாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். இங்கே உறங்காது, அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரு போகத்தை மட்டும் ஒயினுக்கு எடுப்பார்கள். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் தொடங்கிய குரோவர் நிறுவனம் இப்படித்தான் கேபர்னே சாவிஞான், ஷிராஸ் ரகங்களை வளர்த்தது. அதற்கு ஆலோசகராக இருந்த பிரான்ஸின் மிஷேல் ரோலான், மெண்டோசாவில் மால்பெக் ஒயினும் தயாரித்தவர்.

ருசிப்பது எப்படி?

• பாட்டிலை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். 16-18 டிகிரி போதும். ரொம்ப சில்லென்று இருந்தால் வாசனை அடங்கி, துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

• கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் தாள் மேல் சாய்த்துப் பார்த்தால், இளம் மால்பெக்கின் ஓரத்தில் ஊதா தெரியும்.

• சுழற்றி முகரணும். பிளம்ஸ், மல்பெரி போன்ற பழ வாசனையும், சிலவற்றில் பூ வாசனையும் வரும். வெனிலா வாசனை பெரும்பாலும் ஓக் பீப்பாயில் இருந்து வருவது, தோட்டத்தில் இருந்து அல்ல.

• ஒரு வாய் எடுத்து ஈறில் படும்படி வைத்திருந்தால் துவர்ப்பு தெரியும். நாவல்பழம் சாப்பிட்டதும் நாக்கு இழுக்குமே, அதே குணம்தான். நல்ல மால்பெக்கில் அது கரகரக்காமல் மென்மையாக இருக்கும்.

• ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, இரண்டு வேறு தோட்டங்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்தால்தான் தோட்டத்தின் வித்தியாசம் பிடிபடும். தனியாக ஒன்றை மட்டும் ருசித்துச் சொல்வது கஷ்டம்.

லேபிளை நம்பலாமா?

அமெரிக்காவில் தோட்டத்தின் பெயரைப் போட, குறைந்தது 95% பழம் அங்கே விளைந்திருக்கணும் என்று விதி உண்டு. எல்லா நாட்டிலும் விதி ஒன்றல்ல. தோட்டத்தின் பெயர், ஊர், அறுவடை ஆண்டு மூன்றும் லேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒன்றும் இல்லாமல் 'சிங்கிள் வின்யார்ட்' என்று மட்டும் இருந்தால், கூடுதல் விலை கொடுக்கும் முன் யோசிக்கணும். தோட்டம் ஒன்று என்பதாலேயே ஒயின் உசத்தி ஆகிவிடாது.

கவனம்

தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21 ஆகியிருக்கணும். கர்நாடக மதுவை அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொண்டு வந்தால் வழக்கு பாயும். ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. ஒயினும் அதில் அடக்கம்.