கால்நடை வளர்ப்பின் அடிப்படைகள்: திருவொற்றியூர் வட்டாரம்

கால்நடை வளர்ப்பு என்பது உணவு, உழைப்பு, எரு, தோல் ஆகிய தேவைகளுக்காக விலங்குகளையும் பறவைகளையும் பேணிப் பெருக்கும் தொழில். இனம், தீவனம், இனப்பெருக்கம், நலம், பராமரிப்பு என்னும் ஐந்தும் இதன் அடிப்படைகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கினால் பயன் இல்லை. பயிர்த்தொழிலுக்கும் கால்நடைக்கும் உள்ள உறவு கொடுக்கல் வாங்கல் உறவு. பயிரின் தாளும் தவிடும் மாட்டுக்குப் போகின்றன. மாட்டின் சாணம் நிலத்துக்குத் திரும்புகிறது.

சென்னையின் வடபகுதியில் கடலோரம் அமைந்த திருவொற்றியூர், இன்று தொழிற்சாலைகளாலும் துறைமுகச் சாலைகளாலும் அறியப்படும் ஊர். கால்நடை அறிவியலின் தொடக்கப் பாடங்களுக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் பல இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் கிடைக்கின்றன. கோயில் மந்தைகளைப் பற்றிய கல்வெட்டுகள் ஊருக்குள்ளேயே உள்ளன. மாதவரத்தில் பால் பண்ணையும் கால்நடைப் பல்கலைக்கழகமும், மணலியில் உர ஆலையும், செங்குன்றத்தில் அரிசி ஆலைகளும் இருக்கின்றன.

கோயில் மந்தைகள்

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் பல்லவர் காலத்தின் இறுதி தொட்டுச் சோழர் காலம் வரையிலான கல்வெட்டுகள் ஏராளம். அவற்றுள் பெரும்பகுதி விளக்குக் கொடைகள். கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்குக்கு நெய் வேண்டும். அதற்காக அரசரும் அதிகாரிகளும் வணிகரும் பொன்னோ ஆடோ அளித்தனர். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் சேர மன்னன் விசயராகவனின் மகள் இரவி நீலி இக்கோயிலில் விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறாள்.

ஆட்டுக் கொடையின் நடைமுறை தமிழகம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு பெட்டை ஆடுகள். அவற்றை மன்றாடி எனப்பட்ட இடையர் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகாது, கிழடாகாது என்பது இதன் பொருளன்று. செத்த ஆட்டுக்கும் வயதான ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகளிலிருந்து புதிய பெட்டைகளைச் சேர்த்து எண்ணிக்கையை என்றும் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மிகுதியான குட்டிகளும் கிடாக்களும் எருவும் இடையருக்கு. ஆடு முதல், நெய் வட்டி என்பதே இந்த ஏற்பாடு. ஆட்டுப்பாலிலிருந்தே அந்த நெய்யை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

இன்றைய பாடநூல் 'மந்தை மாற்றீடு' என்று கற்பிப்பது இதையே. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பெட்டைகளைக் கழித்து, அதே அளவு இளம் பெட்டைகளைச் சேர்த்தால்தான் மந்தை தளராமல் நிற்கும். பிறக்கும் குட்டிகளில் பாதி கிடா. பெட்டைகளிலும் சில இறக்கும். இந்தக் கணக்கு தெரியாமல் நல்ல பெட்டைகளை விற்றுத் தின்றவர் மந்தை நான்கைந்து ஆண்டுகளில் அழிந்துபோகும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் நுட்பமான கணக்கைத் தருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அதாவது ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கும், ஓர் எருமை மூன்று பசுக்களுக்கும் சமம். இன்றைய கால்நடை அலகுக் கணக்கில் ஒரு மாட்டுக்கு ஐந்து முதல் பத்து ஆடுகள் வரை ஈடு சொல்வார்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? இன்றைய அலகு உடல் எடையையும் தீனியையும் வைத்துப் போடப்படுகிறது. கோயில் கணக்கு கிடைக்கும் நெய்யை வைத்துப் போடப்பட்டதாகத் தெரிகிறது. பசும்பாலில் கொழுப்பு சுமார் 3.5 முதல் 4 விழுக்காடு, எருமைப்பாலில் 6 முதல் 7 விழுக்காடு. எருமைக்குக் கிடைத்த உயர்ந்த மதிப்புக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கால்நடையை இப்படி மதிப்பிட்ட முறை வியப்புக்குரியது.

இனங்களும் வகைப்பாடும்

ஒரே தோற்றமும் பண்புகளும் தலைமுறை தோறும் மாறாமல் கடத்தப்படும் கூட்டம் இனம் எனப்படும். மாடுகள் இரு பெரும் பிரிவின. திமில் உள்ள நாட்டு மாடு பாஸ் இண்டிகஸ். திமில் இல்லாத ஐரோப்பிய மாடு பாஸ் டாரஸ். எருமை முற்றிலும் வேறு விலங்கு. மாட்டோடு அது இனம் சேராது.

தமிழ்நாட்டின் மாட்டினங்கள் பெரும்பாலும் உழைப்புக்கு உரியவை. காங்கேயம் திருப்பூர், ஈரோடு பகுதிகளுக்கும், பர்கூர் அந்தியூர் மலைகளுக்கும், புலிக்குளம் சிவகங்கை, மதுரைப் பகுதிகளுக்கும், ஆலம்பாடி தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளுக்கும் உரியவை. உம்பளச்சேரி காவிரிக் கழிமுகத்து ஆழச் சேற்றில் உழுவதற்குப் பெயர்பெற்றது. வடக்கெல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஓங்கோல் பேருடல் கொண்ட வண்டி மாடு.

செம்மறியில் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி எனப் பல இனங்கள். இவ்வட்டாரத்துக்கே உரியது மெட்ராஸ் சிவப்பு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் வளர்க்கப்படும் இறைச்சி இனம் இது. செம்பழுப்பு நிறம், சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. உடலில் கம்பளி இராது, குட்டை முடியே இருக்கும்; கடலோர வெக்கைக்கு ஏற்ற உடல். வெள்ளாட்டில் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவை பெயர்பெற்றவை.

வயதைப் பல்லால் அறிவது சந்தையில் முதல் பாடம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா, கீழ்த்தாடையில் எட்டு. பால்பல் விழுந்து முதல் இணை நிலைப்பல் சுமார் இரண்டு வயதில் முளைக்கும். அதை 'ரெண்டு பல்லு' என்பார்கள். அடுத்து 'நாலு பல்லு', 'ஆறு பல்லு' ஆகி, ஐந்து வயதளவில் எட்டும் நிறைந்தால் 'கடை சேர்ந்த மாடு'. அதன்பின் பல் தேய்மானத்தைக் கொண்டே வயதைச் சொல்ல முடியும். விற்பவர் சொல்லும் வயதைக் கேட்காமல் உதட்டை விலக்கிப் பார்ப்பவரே மாடு வாங்கத் தெரிந்தவர்.

தீவனமும் செரிமானமும்

மாடு, எருமை, ஆடு ஆகியவை அசைபோடும் விலங்குகள். இரைப்பை நான்கு அறைகள் கொண்டது: ரூமன், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம். மனிதர் செரிக்க இயலாத நார்ப்பொருளை ரூமனில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. வைக்கோல் பாலாவது இவற்றின் உழைப்பால்தான். ஆகவே மாட்டுக்குத் தீனி போடுவது என்பது முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவது.

தீவனம் மூவகை. கோ-4 கம்பு நேப்பியர், சோளம், வேலிமசால், அகத்தி போன்றவை பசுந்தீவனம். வைக்கோலும் சோளத்தட்டும் உலர்தீவனம். தவிடு, பிண்ணாக்கு, தானியம், தாது உப்பு சேர்ந்தது அடர்தீவனம். நீர் நீக்கிக் கணக்கிட்டால், ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு உலர்பொருள் உண்ணும். 400 கிலோ மாட்டுக்கு இது 8 முதல் 12 கிலோ. உடலைப் பேணுவதற்கான அடர்தீவனத்துக்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ கூட்டித் தர வேண்டும்.

வடசென்னைக் கொட்டில்களில் பசும்புல்லுக்கு இடமில்லை. வைக்கோல் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களிலிருந்தும், தவிடு செங்குன்றம் ஆலைகளிலிருந்தும் வரும். வீடுகளின் கழனித்தண்ணீரும் மீந்த சோறும் தொட்டியில் சேரும். சோற்றில்தான் ஆபத்து. மாவுச்சத்து மிகுந்த உணவைத் திடீரென அதிகம் தின்றால் ரூமனில் அமிலம் பெருகி நுண்ணுயிர்கள் மடியும். மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் ஊட்டப்படும் பொங்கல் பல மாடுகளைக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. தெருவில் மேயும் மாடுகளின் ரூமனில் நெகிழிப் பைகள் சேர்ந்து கெட்டிப்படுவதும் உண்டு. அவற்றை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க முடியும்.

இனப்பெருக்கம்

பசுவின் பருவச் சுழற்சி 21 நாள், சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்குச் சினைக்காலம் 310 நாள்; ஆடுகளுக்கு 150 நாள்; பன்றிக்கு 114 நாள். கோழிமுட்டை பொரிக்க 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்பதே பால் மாட்டின் இலக்கு. அதற்கு ஈன்ற மூன்று மாதத்துக்குள் மீண்டும் சினை பிடிக்க வேண்டும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை வற்றவிட வேண்டும். பிறந்த கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவது கட்டாயம். நோய் எதிர்ப்புப் பொருள்கள் தாயிடமிருந்து கருப்பையில் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே செல்கின்றன.

சினை ஊசி எனப்படும் செயற்கைக் கருவூட்டலால் ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் பயன்படுகிறது. சமவெளியில் ஜெர்சிக் கலப்பும், மலைப்பகுதியில் ஃபிரீசியன் கலப்பும், எருமைக்கு முர்ராவும் தமிழ்நாட்டில் கைக்கொள்ளப்பட்டன. நகரத்தின் பால் தேவையை நாட்டு மாடுகளால் ஈடுகட்ட முடியாது; கலப்பினமே வழி.

நலம்

கோமாரி, அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான், மடிநோய் ஆகியன மாட்டின் முக்கிய நோய்கள். ஆட்டுக்குத் துள்ளுமாரியும் ஆட்டுக்கொல்லியும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சலும் கொடியவை. ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோய் தடுப்பூசியால் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது.

மண்ணும் உரமும்

பயிருக்கு முதன்மையாக வேண்டியவை தழை, மணி, சாம்பல் சத்துகள். தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை விழுக்காடு. எக்டேருக்கு 12.5 டன் இடுவது வழக்கமான பரிந்துரை. அதில் கிடைப்பது ஏறக்குறைய 62 கிலோ தழைச்சத்து. யூரியாவில் இது 46 விழுக்காடு. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஆனால் யூரியா மண்ணின் கட்டமைப்பை வளர்க்காது, தொழு உரம் வளர்க்கும். மணலியில் 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் யூரியாவையும் 17-17-17 கலப்பு உரத்தையும் தயாரித்தது. கலப்பு உரப்பையின் மூன்று எண்களும் முறையே மூன்று சத்துகளின் விழுக்காடுகள்.

கல்வி நிறுவனங்கள்

வேப்பேரி டாபின் ஹாலில் 1903 அக்டோபர் 1 அன்று தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோவைக்குச் சென்றதால் பயிர்க் கல்வி சென்னையை விட்டு நீங்கியது; கால்நடைக் கல்வி இங்கேயே நிலைத்தது. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணை. அங்குள்ள பால் பதப்படுத்தும் ஆலை 1963இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து உதவியுடன் அமைந்தது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது.

இன்றைய நிலை

2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தபின் கொட்டில்கள் குறைந்து வருகின்றன. 2024 ஜூனில் இங்கு எருமை ஒன்று ஒரு பெண்ணை முட்டி இழுத்துச் சென்றதையடுத்து, தெரு மாடுகளைப் பிடிப்பது தீவிரமானது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம், கோழிகள் சுமார் 12 கோடி. தடுப்பூசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்படுகிறது.