துபாசி முதல் நிரல் நூலகம் வரை: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரச் சந்தைகளில் இடையீட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சந்தைக்குள் நேரடியாக நுழைய இயலாதவர்களுக்காக அதன் மொழியைப் பேசுபவர் எக்காலத்திலும் இருந்துள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டில் துபாசியும், அதன் பின்னர் மல்லாட்டை வணிகத்தில் தரகரும் இப்பணியைச் செய்தனர். இன்று கிரிப்டோ நாணயப் பரிமாற்றகங்களின் வணிக இடைமுகத்தை அணுக உதவும் நிரல் நூலகம் அதே பணியைச் செய்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் வணிக வரலாற்றை முன்வைத்து, இடையீட்டின் வடிவம் மாறியபோதும் அதனுள் நிலைத்திருக்கும் மொழி, மறைவு, நம்பிக்கை என்னும் மூன்று கூறுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குழூஉக்குறி, துபாசி, மறைமுக ஏலம், மல்லாட்டை, நிரல் நூலகம், கிரிப்டோ நாணயம்

முன்னுரை

சங்க இலக்கியம் ஓய்மாநாடு எனக் குறிக்கும் நிலப்பகுதியே இன்றைய திண்டிவனம் வட்டாரம். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில், இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். கடற்கரைப் பட்டினமும் உள்நாட்டு ஊரும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற இந்நிலவமைப்பு, பிற்கால வணிகத்திலும் தொடர்ந்தது. உள்நாட்டில் விளைந்த பொருள் கடற்கரையில் விலை பெற்றது. அவ்விலையை அறிந்தவர் இடையில் நின்றார்.

இடையில் நின்றவரின் வரலாறு பெரும்பாலும் சுரண்டலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதில் உண்மை உண்டு. ஆயினும் இடையீட்டாளர் ஏன் தேவைப்பட்டார் என்ற வினாவையும் எழுப்பினால்தான், அவருக்கு மாற்றாக வந்த ஒவ்வொரு அமைப்பும் எதனை நீக்கியது, எதனை நீக்கவில்லை என்பது விளங்கும்.

குழூஉக்குறியும் துபாசியும்

நன்னூல் தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறுகிறது. ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. வணிகத்தில் குழூஉக்குறி வெறும் மொழிவழக்கு அன்று. அது ஒரு வேலி. மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரலைப் பற்றி விலை பேசும் வழக்கம் இவ்வேலியின் மற்றொரு வடிவம். விலை, பேசும் இருவருக்கு மட்டுமே தெரியும். மாட்டுக்கு உரியவரும் தரகர் சொல்லித்தான் அறிவார்.

ஐரோப்பிய வணிகக் குழுக்கள் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தபோது வேலிகள் பலவாயின. பிரெஞ்சு, தமிழ், தெலுங்கு, பாரசீகம் எனப் பல மொழிகளும், பல நாணயங்களும், பல அளவைகளும் ஓரிடத்தில் கூடின. இருமொழியாளர் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த 'துபாசி' என்னும் பதவி இச்சூழலின் விளைவு. புதுச்சேரியில் தியூப்ளேக்சின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு இப்பதவியின் இயல்பை உணர்த்தும் சிறந்த சான்று. அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வணிகர், செய்தி திரட்டுபவர், பிணை நிற்பவர். ஆளுநருக்கு உள்நாட்டைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி துபாசி சொல்லியே தெரியும்.

துபாசியின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே இடத்தில் பிறந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. இரு தரப்பாரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவரை, இடையில் இருப்பவர் கூறுவதே உண்மை.

மல்லாட்டையும் ஒழுங்குமுறைச் சந்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் வணிகத்தை நிலக்கடலை மாற்றியமைத்தது. மணிலாக்கொட்டை எனவும், பேச்சுவழக்கில் மல்லாட்டை எனவும் இவ்வட்டாரத்தார் வழங்கும் அப்பயிர், புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை இவ்வணிகத்துக்கு வலுச்சேர்த்தது. திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகள் இன்றும் 'டிஎம்வி' என்னும் முன்னெழுத்துகளைத் தாங்கியுள்ளன. அவை திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940இல் வெளிவந்த டிஎம்வி 2 இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பரவிற்று.

பயிர் உலகச் சந்தையோடு இணைந்தது, பயிரிட்டவர் இணையவில்லை. விதைக்கும் செலவுக்கும் முன்பணம் தந்த வணிகரிடமே விளைச்சலை விற்கவேண்டியிருந்தது. எடையில் கழிவு, தரகு, மகமை, மாதிரிக்கென எடுக்கும் பிடி எனப் பல பிடித்தங்கள் போக எஞ்சியதே உழவருக்குக் கிட்டியது. வேளாண்மைக்கான அரசு ஆணையம் 1928இல் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகளைப் பரிந்துரைத்தது. 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் முதற்சந்தை பருத்திக்காகத் திருப்பூரில் 1936இல் அமைந்தது. இச்சட்டத்தின் வழிவந்தவையே இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள். 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம் இவற்றின் இன்றைய அடிப்படை.

இக்கூடங்களின் மையப் புதுமை மறைமுக ஏலம். வணிகர் ஒவ்வொருவரும் குவியலைப் பார்த்துத் தம் விலையைச் சீட்டில் எழுதி இடுவர். சீட்டுகள் ஒருசேரப் பிரிக்கப்பட்டு மிகுந்த விலை அறிவிக்கப்படும். துண்டின் மறைவும் மறைவே. சீட்டின் மறைவும் மறைவே. ஆனால் முன்னது உழவரிடமிருந்து விலையை மறைத்தது. பின்னது வணிகரிடமிருந்து வணிகரை மறைத்தது. மறைவை ஒழிப்பதன்று, அது யாருக்குப் பயன்படவேண்டும் என்பதை மாற்றுவதே சீர்திருத்தமாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

திரைக்கு வந்த சந்தை

தேசியப் பங்குச் சந்தை 1994இல் கணினித் திரைவழி வணிகத்தைத் தொடங்கியதும் கூவி விற்கும் களம் இந்தியாவில் மறையத் தொடங்கியது. வேளாண் விளைபொருள்களுக்கான மின்னணு தேசியச் சந்தை 2016 ஏப்ரல் 14 அன்று 21 சந்தைகளுடன் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டின் விற்பனைக்கூடங்களும் பின்னர் அதில் இணைந்தன.

இவற்றுக்கு இணையாக மற்றொரு வகைச் சந்தை தோன்றியது. பிட்காயின் வலைப்பின்னல் 2009 ஜனவரி 3 அன்று இயங்கத் தொடங்கியது. அதனை வாங்கி விற்கும் பரிமாற்றகங்கள் 2010 முதல் பெருகின. இவை ஆண்டின் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குபவை. எனவே மனிதர் கண்விழித்துக் காக்க இயலாத சந்தைகள். நிரல்வழி அணுகல் இங்கு வசதி என்பதைவிடத் தேவை என்றாயிற்று. ஒவ்வொரு பரிமாற்றகமும் தன் இடைமுகத்தை வெளியிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குழூஉக்குறியைக் கொண்டிருந்தது. பெரும்பாலான பரிமாற்றகங்கள் பிட்காயினை 'பிடிசி' எனக் குறிக்க, கிராக்கன் அதனை 'எக்ஸ்பிடி' எனக் குறித்தது. அளவின் தசம இடங்கள், குறைந்த அளவு, பிழைச் செய்தி, நேரக் குறிப்பு ஆகிய அனைத்தும் பரிமாற்றகத்துக்குப் பரிமாற்றகம் வேறுபட்டன.

நிரல் நூலகத்தின் பணி

2017இல் திறமூல நிரலாக வெளிவந்த 'சிசிஎக்ஸ்டி' என்னும் நூலகம் இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பரிமாற்றகங்களின் இடைமுகங்களை ஒரே சொல்வழக்கின்கீழ் அது கொண்டுவந்தது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி முதலிய மொழிகளில் எழுதுவோர் இதனைப் பயன்படுத்தலாம். விலையைக் கேட்கும் கட்டளை எங்கும் ஒன்றே. வாங்கும் கட்டளை எங்கும் ஒன்றே. பரிமாற்றகத்தின் பெயரை மாற்றினால் எஞ்சியதை நூலகம் மொழிபெயர்த்துக்கொள்ளும். துபாசியின் பணி இதுவே.

இப்பணி இரு நிலைகளில் நிகழ்கிறது. பொதுநிலையில், எந்த அடையாளமும் இன்றி விலையையும், வாங்குவோர் விற்போர் கேட்கும் விலைகளின் பட்டியலையும் எவரும் படிக்கலாம். துண்டும் சீட்டும் மறைத்ததை இப்பட்டியல் திறந்து காட்டுகிறது. ஆனால் விலை திறந்திருக்க, கேட்பவரின் பெயர் மறைந்திருக்கிறது. பட்டியலில் காணும் பெரும் அளவு உண்மையான விருப்பமா, பிறரை ஏமாற்ற இட்டு உடன் திரும்பப் பெறுவதா என்பதைப் படிப்பவர் அறிய இயலாது.

தனிநிலையில், கணக்குக்கு உரியவர் பரிமாற்றகத்திலிருந்து ஒரு திறவுகோலையும் அதற்கிணையான ஒரு மறைச்சொல்லையும் பெறுகிறார். வாங்கவோ விற்கவோ ஆணையிடும்போது, அவ்வாணையின் வாசகத்தை மறைச்சொல்லோடு சேர்த்துக் கணித்து ஓர் ஒப்பத்தை நூலகம் உருவாக்குகிறது. மறைச்சொல் அனுப்பப்படுவதில்லை, ஒப்பம் மட்டுமே செல்கிறது. பரிமாற்றகம் தன்னிடமுள்ள மறைச்சொல்லைக் கொண்டு அதே கணிப்பைச் செய்து ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் ஆணை ஏற்கப்படும். ஒருமுறை அனுப்பிய ஆணையைப் பிறர் கவர்ந்து மீண்டும் அனுப்பாதிருக்க நேரக் குறிப்போ வரிசை எண்ணோ சேர்க்கப்படுகிறது. குறித்த காலத்துக்குள் மிகுதியான வேண்டுகோள்களை அனுப்பினால் பரிமாற்றகம் மறுக்கும் என்பதால், நூலகமே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

திறவுகோலும் நம்பிக்கையும்

துபாசி பொய்யுரைத்தால் என்ன ஆகும் என்ற பழைய அச்சம் இங்கும் தொடர்கிறது. சிசிஎக்ஸ்டியின் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு, அதன் நீட்சி போலத் தோற்றம் காட்டிய ஒரு தீநிரல் தொகுப்பு, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியத்தில் இருந்ததை ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் வெளிப்படுத்தினர். பயனர் பரிமாற்றகத்துக்கு அனுப்புவதாக எண்ணிய ஆணைகளை அது வேறொரு வழங்கிக்குத் திருப்பியது. பிற மென்பொருள் சேவைகளிடம் ஒப்படைத்த திறவுகோல்கள் கசிந்த நிகழ்வுகளும் உண்டு. எனவேதான் திறவுகோலுக்குப் பணத்தை வெளியே எடுக்கும் உரிமையைத் தராதிருத்தல், குறிப்பிட்ட இணைய முகவரியிலிருந்து மட்டும் ஆணையை ஏற்கச் செய்தல் ஆகியன முதல் எச்சரிக்கைகளாகக் கூறப்படுகின்றன. ஆயினும் விற்கும் உரிமை மட்டும் கைக்கொண்டவரும், விலையற்ற நாணயங்களை மிகுவிலைக்கு வாங்கச் செய்து ஒரு கணக்கை வெறுமையாக்க முடியும்.

நம்பிக்கையின் மறுமுனை பரிமாற்றகம். 2014இல் மவுண்ட் காக்ஸ் வீழ்ந்தது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. களவுக்குப் பின் கணக்குகள் முடக்கப்பட்ட நிலையில், முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கிரிப்டோ நாணயம் உடைமையே. அதனை உடைமையாகக் கொள்ளவும் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கூறினார். விழுப்புரமும் திண்டிவனமும் இந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடங்குவன. நிரல் எவ்வளவு துல்லியமாக ஒப்பமிட்டாலும், மறுமுனையில் உள்ளவர் கணக்கை முடக்கினால் அதற்குத் தீர்வு நிரலில் இல்லை, நீதிமன்றத்தில்தான் உள்ளது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

அரசின் நிலைப்பாடும் படிப்படியாகவே உருப்பெற்றது. வங்கிகள் இவ்வணிகத்துக்குச் சேவை வழங்கலாகாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. 2022இல் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்பிடித்தமும் வந்தன. இம்முன்பிடித்தம் நிரல்வழி வணிகத்தில் தனிப்பொருள் பெறுகிறது. விலை மாறாதிருக்க, ஒருவர் தம் முழு முதலையும் 50 முறை விற்று வாங்கினால், முதலில் ஏறத்தாழ 40 விழுக்காடு முன்பிடித்தத்தில் முடங்கிவிடும். ஆண்டிறுதிக் கணக்கில் அது ஈடுசெய்யப்படும் எனினும், அதுவரை கையில் இராது. ஒரு நாளில் 50 முறை விற்பது மனிதருக்கு அரிது, நிரலுக்கு எளிது. பழைய சந்தையில் உழவரின் குவியலிலிருந்து எடுத்த பிடி, இங்கு வேறு வடிவில், ஆனால் சட்டத்தால் அறிவிக்கப்பட்டு நிற்கிறது.

பங்குச் சந்தையில் நிரல்வழி வணிகம் செய்யும் சில்லறை முதலீட்டாளருக்கெனச் செபி 2025 பிப்ரவரியில் தனி விதிகளை வகுத்தது. கிரிப்டோ பரிமாற்றகங்கள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. ஆனால் அவற்றின் இடைமுகத்தைப் பயன்படுத்துவோரைக் காக்கும் இணையான விதிகள் இல்லை. 1933க்கு முந்திய மல்லாட்டைச் சந்தையோடு இந்நிலை ஒப்பிடத்தக்கது.

வட்டாரத்துக்கு இதன் பொருள்

விலையை நிரல்வழிப் படிக்கும் நுட்பம் கிரிப்டோ நாணயத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் வேளாண் சந்தைகளின் அன்றாட விலைகளை இடைமுகம் வழியாக வழங்குகிறது. திண்டிவனத்தில் இருக்கும் ஒரு மாணவர், பிட்காயின் விலையைப் பெறும் அதே முறையில் வேளாண் விலைகளையும் சில வரி நிரலில் பெற இயலும்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆணையிடும் நிலையில் தோன்றுகிறது. கிரிப்டோ நாணயம் பதிவேட்டில் மட்டுமே உள்ள பொருள். ஒப்பம் பொருந்தினால் விற்பனை முடிந்தது. மல்லாட்டையை உலர்த்த வேண்டும், ஈரப்பதம் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், வாங்க ஆள் வேண்டும். தரத்தைக் கண்ணால் கண்டு சொல்லும் ஒருவரின் சொல்லில் நம்பிக்கை வேண்டும். எனவே மின்னணுச் சந்தையிலும் மனித இடையீடு எஞ்சி நிற்கிறது. அது பின்தங்கலின் அடையாளமன்று, பொருளின் இயல்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இடையீட்டாளர் நீக்கப்பட்டார் எனக் கருதப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் அவர் வேறோர் உருவில் தொடர்ந்தார் என்பது தெளிவாகிறது. குழூஉக்குறியைப் பொதுச்சொல்லாக்கிய வகையில் நிரல் நூலகம் துபாசியைவிட மேம்பட்டது. அதன் வாசகம் முழுதும் எவரும் படித்துச் சரிபார்க்கத் திறந்துள்ளது. ஆனால் படிக்கக் கூடியவர் சிலரே. எஞ்சியோர், ஆளுநர் துபாசியை நம்பியதுபோல, நூலகத்தை நம்புகின்றனர். உழவரை எடைக்கல்லின் பிழையிலிருந்து காக்க ஒரு சட்டமும் ஒரு கூடமும் தேவைப்பட்டன. திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் இன்றைய தலைமுறைக்கும் அவற்றுக்கிணையானவை தேவை என்பதே இவ்வட்டாரத்தின் சந்தை வரலாறு தரும் முடிவு எனலாம்.